மண்ணு, கிணத்துத்தண்ணி சாம்பிள் எடுக்குறது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடின்னு பாலாத்துப் பக்கமே சுத்திச்சுத்தி மண்ணும் தண்ணியும் சாம்பிள் எடுக்குற வேலையில பல வருஷமா இருக்கேன். வாரத்துக்கு ரெண்டு மூணு பேராச்சும் போன் பண்ணி "அண்ணே, எங்க போர்த்தண்ணிய டெஸ்ட் குடுக்கணும், எவ்ளோ புடிச்சு அனுப்பணும்"னு கேக்குறாங்க, எவ்ளோங்கிறதவிட எப்படிங்கிறதுதான் முக்கியம்னு போன்ல சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவங்களுக்கு வேற வேலை வந்துடுது. அதான் மொத்தமா எழுதி வச்சிடுறேன். லேப்ல எவ்வளவு வெலை ஒசந்த மெஷின் இருந்தாலும் பாட்டிலுக்குள்ள என்ன போச்சோ அதத்தான் அளக்கும், கிணத்தடியில நடந்த தப்ப அங்க யாராலயும் சரிபண்ண முடியாது.

தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு, ருசியும் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் எதுக்கு டெஸ்ட்?

ஈயம், ஆர்சனிக், நைட்ரேட் இதுக்கெல்லாம் நெறமும் கெடையாது வாசனையும் கெடையாது. குரோமியத்துல ஒரு வகை தண்ணிய மஞ்சளாக்கும், ஆனா கண்ணுக்கு மஞ்சள் தெரியுற அளவுக்கு வந்துடுச்சுன்னா குடிதண்ணிக்கான எல்லைய அது எப்பவோ தாண்டியிருக்கும். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் தாண்டக்கூடாதுன்னு இந்தியத் தரம் சொல்லுது, தாண்டின தண்ணியில பால் பவுடர் கலக்கிக் குடுத்தா கைக்கொழந்தைக்கு ஒடம்பு நீலம் பாயுற அளவுக்குப் போகலாம். இத நாக்கால கண்டுபுடிக்க முடியாது.

டிடிஎஸ் மீட்டர் வாங்கி வச்சிருக்கேன், அது போதாதா?

பாதி வேலைக்குப் போதும். டிடிஎஸ் மீட்டர் தண்ணியில மொத்தமா எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குன்னு கணக்குப் போட்டுக் காட்டுது, என்ன உப்புன்னு அதுக்குத் தெரியாது. ஈயத்துக்கு எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதைவிட பத்து மடங்கு ஈயம் இருந்தாலும் 600 காட்டுற மீட்டர் 600தான் காட்டும்.

ஆனா எங்க பக்கம் அத நான் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். தோல் கெட்டுப்போகாம இருக்க பச்சைத்தோலுக்கு மூட்டை மூட்டையா உப்புப் போடுவாங்க, தோல் பதனிடுற கம்பெனியில, அதான் டேனரியில, அதக் கழுவும்போது அவ்வளவு உப்பும் கழிவுத்தண்ணியில எறங்குது. இந்த உப்புல இருக்க குளோரைடு மண்ணுல ஒட்டாது, தண்ணி போற வேகத்துக்கு அதுவும் போகும். டேனரியில இருந்து வர்ற குரோமியம் பெரும்பாலும் மண்ணோட ஒட்டிக்கிட்டு மெதுவா நகரும். அதனால ஒரு கிணத்துல டிடிஎஸ் வருஷா வருஷம் ஏறிக்கிட்டே வந்துச்சுன்னா முன்னாடி வந்த ஆள் அந்த உப்பு, அதுக்குப் பின்னாடி வேற யாரு வர்றான்னு பாக்க வேண்டிய நேரம் வந்துடுச்சுன்னு அர்த்தம். மாசத்துக்கு ஒரு தடவ அளந்து தேதியோட நோட்டுல எழுதி வைங்க, அந்த நோட்டு பின்னாடி ரொம்ப ஒதவும்.

என்னென்ன டெஸ்ட் பண்ணச் சொல்லணும்?

மொதல்ல உங்க நெலத்துக்கு மேட்டுப்பக்கம் என்ன இருக்கு, முன்னாடி என்ன இருந்துச்சுன்னு ஊர்ப் பெரியவங்கள கேளுங்க. டேனரின்னா குளோரைடு, சோடியம், சல்பேட், மொத்த குரோமியம், ஆறாம் நிலை குரோமியம். சாயப்பட்டறைன்னா உப்புங்களோட உலோகங்களையும் சேத்துக்கோங்க. குப்பைக்கிடங்குன்னா அம்மோனியா, சிஓடி (கழிவு சிதைய எவ்ளோ ஆக்சிஜன் வேணும்னு பாக்குற அளவு), உலோகங்கள். பழைய பேட்டரி உருக்குற எடம்னா ஈயம், அதுவும் தண்ணிக்கு முன்னாடி மேல் மண்ணுல பாக்கணும். பெட்ரோல் பங்க்னா பென்சீன், டொலுவீன். கோழிப்பண்ணை, செப்டிக் டேங்க்னா நைட்ரேட்டும் ஈ-கோலையும். எதுவும் யோசிக்காம "ஃபுல் டெஸ்ட்"னு சொல்லிட்டா வழக்கமான குடிதண்ணி லிஸ்ட்ட பண்ணிக் குடுத்துடுவாங்க, உங்களுக்கு வேண்டியது அதுல இல்லாமலே போகலாம்.

எந்தெந்த எடத்துல எடுக்கணும்? எங்க போர் ஒண்ணு மட்டும் எடுத்தா பத்தாதா?

பத்தாது. உங்க போர்ல குளோரைடு லிட்டருக்கு 1200 மில்லிகிராம்னு வந்தா அது கம்பெனியால வந்ததா, அந்தப் பாறையோட சுபாவமே அப்படியான்னு அடுத்த கேள்வி வரும். அதுக்குப் பதில் சொல்ல ஆலைக்கு மேட்டுப்பக்கம் இருக்க ஒரு கிணறு கண்டிப்பா வேணும், அப்புறம் எறக்கத்துல கிட்ட ஒண்ணு, தள்ளி ஒண்ணு.

எது மேடு எது எறக்கம்னு தரையப் பாத்து முடிவு பண்ணாதீங்க, நெலத்தடி தண்ணி ஓடுற தெசை தெரியணும்னா ஒரே கோட்டுல இல்லாத மூணு கிணத்துல தண்ணி மட்டம் பாக்கணும். ராத்திரி பூரா அக்கம்பக்கத்து மோட்டார் எல்லாம் நிறுத்தச் சொல்லிட்டு காலையில ஒரே நேரத்துல அளக்கணும். கைப்பிடிச் சுவர்ல இருந்து தண்ணி எவ்ளோ ஆழத்துல இருக்குன்னு டேப் விட்டுப் பாத்துட்டு, மூணு சுவரும் ஒண்ணுக்கொண்ணு எவ்ளோ மேட்டுல இருக்குன்னு பாத்துக் கழிக்கணும். கிட்டக்கிட்ட இருந்தா கொத்தனார் வச்சிருக்க டியூப் லெவலே போதும், தள்ளி இருந்தா சர்வே பண்றவங்கள கூப்பிடணும். தண்ணி மட்டம் எது ஒசரமோ அங்கிருந்து எது தாழ்வோ அந்தப் பக்கம்தான் ஓட்டம். பக்கத்துல யாராவது பெரிய மோட்டார் போட்டு எந்நேரமும் உறிஞ்சுனா தெசையே மாறிடும், அதையும் குறிச்சுக்கோங்க. நம்ம மாநிலத்துல முக்கால்வாசி கெட்டிப்பாறைதான், பாறையில வெடிப்பு எப்படிப் போகுதோ தண்ணியும் அப்படித்தான் போகும், அதனால பக்கத்து போர் நல்லா இருக்க உங்களுது மட்டும் கெட்டுப்போறதும் நடக்கும். அதுக்குத்தான் எத்தன கிணறு முடியுமோ அத்தன கிணறு பாருங்கன்னு சொல்றேன்.

மோட்டார் போட்ட ஒடனே புடிச்சுடலாமா?

இங்கதான் ஏகப்பட்ட பேர் சறுக்குறாங்க. ஓடாம நின்ன போர்ல இருக்குறது பழைய தண்ணி, பைப்பு துரு, காத்துபட்டு மாறிப்போன தண்ணி. பாறையில இருந்து புதுசா வர்ற தண்ணி வேணும்னா நின்ன தண்ணிய வெளியேத்தணும், வழக்கமா நிக்கிற தண்ணியப்போல மூணு மடங்குன்னு ஒரு கணக்கு. ஆறரை இஞ்ச் போர்ல ஒரு அடிக்கு ஆறரை லிட்டர் தண்ணி நிக்கும், 200 அடி தண்ணி நின்னா 1300 லிட்டர், மூணு மடங்கு 3900. இருவது லிட்டர் பக்கெட்ட வச்சு எத்தன செகண்ட்ல ரொம்புதுன்னு பாருங்க, 24 செகண்ட்னா நிமிஷத்துக்கு 50 லிட்டர், அப்போ கிட்டத்தட்ட எம்பது நிமிஷம் ஓடணும்.

கணக்க மட்டும் நம்பாம மீட்டரையும் பாக்கணும். ஒரு தடவ பாலாத்துக்கரையோரம் ஒரு தென்னந்தோப்பு போர், ஓலை நுனியெல்லாம் கருகிக் கெடக்கு, மோட்டார் போட்ட ஒடனே ஈசி மீட்டர் (தண்ணி எவ்ளோ கரண்ட் கடத்துதுன்னு பாக்குறது, உப்பு ஏறுனா அதுவும் ஏறும்) 1900 காட்டுச்சு, தோட்டக்கார ஐயா "அவ்ளோதானா தம்பி, போன வருஷம் லேப்காரரு கூட இதேதான் சொன்னாரு"ன்னாரு. பத்து நிமிஷத்துல 2400, அரை மணியில 3100, அம்பது நிமிஷத்துக்கு மேலதான் 3400ல நின்னுச்சு. போன வருஷம் வந்தவர் அஞ்சு நிமிஷம் ஓட்டிப் புடிச்சுட்டுப் போயிருக்கார், அந்த ரிப்போர்ட்ட வச்சுக்கிட்டு ஐயா ஒரு வருஷமா உரத்த மாத்திப் பாத்துக்கிட்டு இருந்திருக்கார். அஞ்சஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் பிஎச் (தண்ணி அமிலமா காரமான்னு காட்டுற அளவு), ஈசி, வெப்பம் குறிங்க, தொடர்ந்து மூணு தடவ பிஎச் 0.1க்குள்ளயும் ஈசி நூத்துக்கு மூணுக்குள்ளயும் நின்னா அப்போ புடிங்க.

போர் வாயில இருக்க குழாயில புடிக்கணும், மேல் டேங்க்குல இருந்தோ ஆர்ஓ குழாயிலயோ வேணாம், ஹோஸ் மாட்டியிருந்தா கழட்டிடுங்க. தெறந்த கிணறா இருந்து தெனம் எறைக்கிற கிணறுன்னா வெயிட் கட்டின பாத்திரத்த மேல்பரப்புல மெதக்குற பாசி, இலை தாண்டி நடு ஆழத்துக்கு எறக்கி எடுங்க. வெளியேத்துற தண்ணி நெலத்துலயே பாயாம பாத்துக்கோங்க, அது கெட்ட தண்ணின்னா நீங்களே நெலத்துல விட்ட மாதிரி ஆயிடும்.

எந்த பாட்டில்ல புடிக்கணும்? மினரல் வாட்டர் பாட்டில் ஆகுமா?

ஆகாது. ஒரு கிராமத்துல ஒரு தனியார் லேப்ல இருந்து வந்த பையன் பெட்டிக்கடையில கூல்ட்ரிங்ஸ் பாட்டில் வாங்கி, பாதி குடிச்சு மீதிய ஊத்திட்டு, ரெண்டு அலசு அலசி அதுலயே புடிச்சுட்டுப் போனத நான் பக்கத்துல நின்னு பாத்தேன், அந்தம்மா அதுக்குக் கட்டுன காசு அவங்க ரெண்டு வாரக் கூலி. எனக்கு இன்னைக்கும் அது மனசுல ஆறல. பாட்டில லேப்ல இருந்தே கேட்டு வாங்குங்க, ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒவ்வொரு பாட்டில், இது அவங்க கடமை.

உலோகம் பாக்கணும்னா சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில், உள்ள நைட்ரிக் ஆசிட் சொட்டு போட்டு பிஎச் 2க்குக் கீழ கொண்டு வரணும், இல்லாட்டி உலோகம் பாட்டில் சுவத்துலயே ஒட்டிக்கிட்டு அளவு கொறச்சலா காட்டும். கலங்கல் தண்ணிக்கு ஆசிட் போட்டா களிமண்ணுல ஒட்டியிருந்ததும் கரைஞ்சு அளவு ஏறிடும், அதனால கரைஞ்சது மட்டும் வேணும்னா அங்கயே 0.45 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டிட்டு அப்புறம் ஆசிட். நைட்ரேட்டுக்கு ஐஸ்ல வச்சு 48 மணி நேரத்துக்குள்ள போகணும். கிருமி டெஸ்ட்டுக்கு ஸ்டெரிலைஸ் பண்ண பாட்டில், மூடியோட உள்பக்கம் வெரல் படக்கூடாது, குழாய் வாய நெருப்புல காட்டிட்டுப் புடிக்கணும், அன்னைக்கே லேப் போய்ச் சேரணும். எண்ணெய்க்கு கண்ணாடி பாட்டில்தான். பென்சீன் மாதிரி ஆவியாப் போறதுக்கு 40 மில்லி சின்ன கண்ணாடிக் குப்பி, விளிம்பு வரைக்கும் ரொப்பி மூடி, தலகீழா கவுத்துத் தட்டிப் பாத்தா ஒரு குமிழி கூட ஏறக்கூடாது, ஏறுனா மறுபடி புடிங்க. மருந்து போட்டுக் குடுத்த பாட்டில அலசிடாதீங்க, போட்ட மருந்து போயிடும். எல்லாத்தையும் ஐஸ் பெட்டியில 4 டிகிரி கிட்ட வைக்கணும், வண்டி டிக்கியில வெயில்ல ரெண்டு மணி நேரம் கெடந்த சாம்பிள வச்சு டெஸ்ட் பண்றது வீண்.

பிஎச் மட்டும் அந்த எடத்துலயே பாக்கணும். லேப்ல பாத்த பிஎச் அந்தக் கிணத்தோட பிஎச் கெடையாது.

ஆறாம் நிலை குரோமியம்னு தனியா சொல்றீங்களே, மொத்த குரோமியம் பாத்தா பத்தாதா?

டேனரியில போடுறது மூணாம் நிலை குரோமியம், அது மண்ணோட ஒட்டும், விஷமும் கொறவு. ஆறாம் நிலைங்கிறது தண்ணியில தாராளமா கரைஞ்சு ஓடும், புத்துநோய் வரவைக்கும். ராணிப்பேட்டையில தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்னு ஒரு ஆலை குரோமியம் உப்பு செஞ்சுக்கிட்டு இருந்துச்சு, 1990கள்ல மூடினாங்க, ரெண்டு லட்சம் டன்னுக்கு மேல கழிவு அங்கயே குவிஞ்சு கெடந்தது. 2006ல பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட்னு ஒரு அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பு உலகத்துலயே மோசமா மாசுபட்ட பத்து எடம்னு ஒரு பட்டியல் போட்டப்போ அதுல ராணிப்பேட்டை பேரும் இருந்துச்சு. அந்த மாதிரிக் கழிவுல ஆறாம் நிலை இருக்கும், மழை பேஞ்சு காஞ்சதும் மண் மேல மஞ்சள் பொடி பூத்த மாதிரி ஒரு ஏடு படியும், கையால தொடாதீங்க, தொடச்சிப் பாக்கவும் வேணாம்.

இந்த சாம்பிளுக்கு ஆசிட் போடவே கூடாது, போட்டா தண்ணியில இருக்க அங்ககப் பொருளோட சேந்து ஆறாம் நிலை மூணாம் நிலையா மாறிடும், ரிப்போர்ட்ல "இல்லை"ன்னு வரும். வடிகட்டி, ஐஸ்ல வச்சு, 24 மணி நேரத்துக்குள்ள லேப்ல சேக்கணும். அங்க ஒரு மருந்து விட்டதும் ஊதா கலந்த செவப்பு ஏறும், அந்த நெறத்தோட அடர்த்திய வச்சுத்தான் அளவு சொல்லுவாங்க. மொத்த குரோமியத்துக்கு ஆசிட் போட்ட வேற பாட்டில். ஒரே பாட்டில்ல ரெண்டும் பாத்துடலாம்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்காதீங்க.

மண்ணு எப்படி எடுக்குறது? மேல சுரண்டி எடுத்தா போதுமா?

வெவசாயத்துக்கு மண் பரிசோதனை குடுக்குற பழக்கத்துல எல்லாரும் மேல் அரை அடியோட நிறுத்திடுறாங்க. புகையில வந்து படிஞ்ச ஈயத்துக்கு அது சரி, கொழந்தைங்க வெளையாடுற எடத்துக்கும் மேல் மண்ணுதான் முக்கியம். கழிவுத்தண்ணி பாஞ்ச நெலத்துல விஷயம் கீழ இருக்கும். அரை அடி, ரெண்டு அடி, நாலு அடி, அதுக்குக் கீழ தண்ணி மட்டம் வரைக்கும், எங்க மண் மாறுதோ அங்க ஒண்ணு.

ஆகர் (மண்ணுக்குள்ள திருகி எறக்குற துளைக்கருவி) போட்டு எடுக்கும்போது வர்ற மண்ண வரிசையா ஒரு சுத்தமான ஷீட்டுல அடுக்கி போட்டோ எடுங்க. ஒரு வாய்க்கா ஓரத்துல நாங்க எடுத்தப்போ மேல செம்மண், அதுக்குக் கீழ ஒரு சாண் அளவுக்கு சாம்பலும் பச்சையும் கலந்த வழவழன்னு ஒரு பட்டை, மூக்குகிட்ட கொண்டு வரும்போதே அழுகுன தோல் நாத்தம், அதுக்குக் கீழ சுத்தமான ஆத்துமணல். நெலத்துக்காரர் அவர் அப்பா காலத்துல அங்க வாய்க்கா வழியா கழிவு வந்துச்சுன்னும், பின்னாடி மண்ணடிச்சு மேவிட்டாங்கன்னும் அப்புறம்தான் சொன்னார். மேல் மண்ண மட்டும் எடுத்திருந்தா எல்லாம் நல்லாருக்குன்னு எழுதிட்டு வந்திருப்போம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டி, ஆகர் வச்சுக்கோங்க. ஜிஐ பக்கெட், துருப்புடிச்ச மண்வெட்டி வேணாம், அதுல இருக்க துத்தநாகமே ரிப்போர்ட்ல ஏறிடும். மண்வெட்டியாலதான் பள்ளம் தோண்ட முடியும்னா தோண்டிட்டு, அது பட்ட பக்கத்த ஸ்டீல் கரண்டியால செதுக்கித் தள்ளிட்டு உள்மண்ண எடுங்க. ஒவ்வொரு குழிக்கும் நடுவுல கழுவி, கடைசியா டிஸ்டில்டு வாட்டர்ல அலசி, கிளவுஸையும் மாத்தணும். மொதல்ல சுத்தமா இருக்கும்னு நெனைக்கிற எடம், கடைசியா மோசமான எடம், அந்த வரிசையில போனா ஒண்ணோட அழுக்கு இன்னொண்ணுல ஏறாது.

பத்து எடத்து மண்ண கலந்து ஒரே சாம்பிளா குடுத்தா காசு மிச்சம்தானே?

காசு மிச்சம், உண்மையும் கொஞ்சம் மறைஞ்சு போகும். ஒம்பது எடத்துல 10, ஒரு எடத்துல 500 இருந்தா கலந்ததும் 59ன்னு வரும், அந்த 500 எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது. பெரிய நெலத்துல சராசரி மட்டும் தெரிஞ்சா போதும்னா கலக்கலாம். எண்ணெய், பெட்ரோல் வகைக்கு கலக்கவே கூடாது, கலக்கும்போதே பாதி காத்துல போயிடும்.

எந்த மாசம் எடுக்கணும்?

ஒரு தடவ கோடையில, ஒரு தடவ வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு ஜனவரியில. சில கிணத்துல மழைக்கப்புறம் உப்பு கரைஞ்சு கொறையும், சில எடத்துல மேல கெடந்த கழிவ மழை கழுவி உள்ள எறக்கி அப்போதான் ஏறும். மத்திய நெலத்தடி நீர் வாரியம் வருஷத்துக்கு நாலு தடவ மட்டம் பாக்குறதே இதுக்குத்தான்.

கிணத்துல எண்ணெய் மாதிரி மெதக்குது, இத எப்படி எடுக்குறது?

பெட்ரோலும் டீசலும் தண்ணிக்கு மேல மெதக்கும், அதனால மேல்பரப்புல ஒரு சாம்பிள், கீழ ஆழத்துல ஒண்ணு, ரெண்டும் தனித்தனி. சில கரைப்பான்கள் தண்ணியவிட கனம், அடியில போய் உக்காரும், அதுக்கு அடியில எடுக்கணும். யாழ்ப்பாணத்துல சுன்னாகம் பக்கம் டீசல் மின்நிலையத்து எண்ணெய் சுத்துவட்டார கிணறுகள்ல வந்து பெரிய பிரச்சனை ஆச்சு, அங்க சுண்ணாம்புக்கல் பூமி, ஓட்டையும் பொந்துமா இருக்கும், ஒரு எடத்துல விட்டது வேகமா பரவிடும். 2019ல இலங்கை உச்ச நீதிமன்றம் அந்த சனங்களுக்கு 2 கோடி இலங்கை ரூபாய் குடுக்கச் சொல்லி தீர்ப்பு சொன்னுச்சு. பெட்ரோல் வாசனை வர்ற கிணத்துகிட்ட பீடி, தீக்குச்சி, மோட்டார் சுவிட்ச் எதுவும் வேணாம்.

கிணத்துக்குள்ள எறங்கி எடுக்கலாமா?

கூடாது. கழிவு கலந்த கிணத்துல விஷவாயு தேங்கி நிக்கும், ஒருத்தர் மயங்கி அவரக் காப்பாத்த எறங்குன ரெண்டாவது ஆளும் சாகுறாங்க. கயிறு போதும்.

சாம்பிள் சரியா எடுத்தோமான்னு எப்படித் தெரியும்?

பத்து சாம்பிளுக்கு ஒண்ண ரெட்டையா எடுத்து வேற பேர் போட்டு அனுப்புங்க, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா வரணும். ஒரு பாட்டில்ல டிஸ்டில்டு வாட்டர கிணத்தடியிலயே ஊத்தி அதையும் அனுப்புங்க, அதுல குரோமியம் வந்துச்சுன்னா பாட்டிலோ கையோ கெட்டிருக்கு. லேபிள்ல கிணத்தோட அடையாளம், தேதி, மணி, எடுத்தவர் பேர், போட்ட மருந்து எல்லாம் அழியாத பேனாவுல எழுதணும். பாட்டில் யார் கையில இருந்து யார் கைக்கு எத்தன மணிக்குப் போச்சுன்னு ஒரு தாள்ல கையெழுத்து வாங்குங்க.

ரிப்போர்ட்ல "பிடிஎல்"னு போட்டிருக்கு, அப்போ சுத்தம்தானே?

அவங்க மெஷின் புடிக்கிற கொறஞ்ச அளவுக்கும் கீழன்னு அர்த்தம். அந்தக் கொறஞ்ச அளவு என்னன்னு கேளுங்க. ஈயத்துக்கு 0.1 வரைக்கும்தான் புடிக்கும்னா அந்த பிடிஎல்லால ஒரு பிரயோஜனமும் இல்ல, எல்லையே 0.01. மொத்த குரோமியத்துக்கு 0.05, பாதரசத்துக்கு 0.001, குளோரைடுக்கு 250, வேற தண்ணியே கெடைக்காட்டி 1000, எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம். மைக்ரோகிராம்ல போட்டிருந்தா ஆயிரத்தால வகுத்துப் பாருங்க, நெறைய பேர் இங்க பயந்துடுறாங்க இல்லாட்டி ஏமாந்துடுறாங்க. என்ஏபிஎல் (லேபுங்களோட தரத்தப் பாத்து அங்கீகாரம் குடுக்குற தேசிய வாரியம்) அங்கீகாரம் அந்த லேபுக்கு இருக்கான்னு மட்டும் பாக்காம, நீங்க கேக்குற டெஸ்ட்டுக்கு இருக்கான்னு பாருங்க. மண்ணுக்கு மேட்டுப்பக்கத்து சுத்த மண்ணோட ஒப்பிட்டுத்தான் பேசணும். மாசுபட்ட எடங்களுக்குன்னு மத்திய அரசு 2025 ஜூலையில தனி விதிகள் கொண்டு வந்திருக்கு, சந்தேகப்படுற எடங்கள மாவட்ட நிர்வாகம் கண்டு சொல்லணும்னு அதுல இருக்கு, அதனால கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கும்போது ரிப்போர்ட்டோட அதையும் குறிப்பிடுங்க.

நாங்களே எடுத்த சாம்பிள் கோர்ட்ல செல்லுமா?

ஆலையோட கழிவுத்தண்ணின்னா 1974 தண்ணீர் சட்டத்தோட 21வது பிரிவுப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி எடுத்து, ரெண்டா பிரிச்சு, சீல் வச்சு, கையெழுத்து வாங்கணும், அப்படி எடுக்காதத சாட்சியமா ஏத்துக்க மாட்டாங்க. ஆனா உங்க கிணத்து ரிப்போர்ட்ட வச்சு வாரியத்துகிட்ட வந்து எடுக்கச் சொல்லலாம், சென்னையில இருக்க தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம், பிரச்சனை தொடங்கி ஆறு மாசத்துக்குள்ள போகணும், நஷ்டஈடுக்கு அஞ்சு வருஷம் வரைக்கும். 1996 ஆகஸ்ட் 28ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குல உச்ச நீதிமன்றம் மாசுபடுத்துறவன்தான் செலவு கட்டணும்னு சொன்ன தீர்ப்ப எடுத்துப் பாருங்க, திண்டுக்கல் பக்கம் 13 கிராமத்துல 467 கிணறு பாத்ததுல 350 கெட்டிருக்குன்னு ஒரு தொண்டு அமைப்பு எடுத்த கணக்கு அதுல இருக்கு. யாரோ கிணறு கிணறா நடந்து போய்ப் பாத்த கணக்கு அது.

ரிப்போர்ட் வர பத்து நாளாகுமாம், வீட்ல சின்னப் பசங்க இருக்காங்க, அதுவரைக்கும் இந்தத் தண்ணிய காய்ச்சிக் குடிக்கலாமா?

காய்ச்சுனா கிருமி சாகும், உலோகமும் நைட்ரேட்டும் அப்படியே நிக்கும், தண்ணி வத்துறதால இன்னும் கெட்டியாத்தான் ஆகும். குடிக்க, சமைக்க, பால் கலக்க பஞ்சாயத்து குழாய்த்தண்ணியோ வேற எடத்துத் தண்ணியோ எடுத்துக்கோங்க. பாத்திரம் கழுவ, தொவைக்க போர்த்தண்ணி போதும், மஞ்சளா வந்தாலோ எண்ணெய் வாசனை அடிச்சாலோ அதுக்கும் வேணாம்.